இன்னும் தெரியலயாம்

"இன்னும் ஸ்டேஜ் தெரியலன்னா இன்னா அர்த்தம்? கேன்சர்னு சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு, எத்தனாவதுன்னு சொல்லத் தெரியாதா?"

குழையக் கரைத்த ரசம் சாதத்தை ஜெயராமன் முன்னால் வைத்துவிட்டு, அமிர்தவல்லி எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். பதில் வராமல் எழுந்திருக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

"அது வேற, இது வேற," என்றார் ஜெயராமன் நிதானமாக. "தொண்டை வழியா டியூப் விட்டு ஒரு துணுக்கு கிள்ளி எடுத்தாங்கல்ல, அதுல நோய் இன்னான்னுதான் தெரியும். எவ்ளோ தூரம் போயிருக்குதுன்னு தெரியாது. இரைப்பைச் சுவரு அடுக்கு அடுக்கா இருக்குது. எத்தனை அடுக்கு இறங்கியிருக்குது, பக்கத்துல நெறி கட்டியிருக்குதா, ஈரலுக்குப் போயிருக்குதா, எல்லாம் பாத்துதான் ஸ்டேஜ் சொல்வாங்க."

"அதுக்குத்தானே ஸ்கேன் எடுத்தாங்க?"

"ஸ்கேன்ல பெருசாத்தான் தெரியும். வயித்துக்குள்ள சவ்வுல ரவை மாதிரி ஒட்டிக்கினு இருந்தா தெரியாது. அதனாலதான் ஓட்டை போட்டு கேமரா விட்டாங்க."

"சரி, கேமராவுல இன்னா தெரிஞ்சுது?"

"உள்ள தண்ணி விட்டு அலசி எடுத்தாங்க. அந்தத் தண்ணியில கெட்ட செல்லு இருக்குதான்னு ரிசல்ட் வரணும்."

"தையல் பிரிச்சே எவ்ளோ நாளாச்சு! இன்னுமா தண்ணியப் பாத்துக்கினு இருக்காங்க?"

"பாப்பாங்க, பாப்பாங்க. அவசரப்பட்டா ஆவுமா?"

இரண்டு மாதமாக அந்த வீட்டில் இதே பேச்சுதான். ஆனால் இப்போது அமிர்தவல்லிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. தையல் பிரிக்கிற அன்று, "நீ எதுக்கு வெயில்ல?" என்று அவளை விட்டுவிட்டு அவர் மட்டும் பாண்டிச்சேரி போய் வந்தார். அதற்குப் பிறகு போன் வந்தால் வாசலுக்குப் போய்விடுகிறார். அவள் பின்னாலேயே போனால், "அப்புறம் பேசறேன் சார்," என்று வைத்துவிடுகிறார்.

சென்னையில் இருக்கும் மகள் கலைமதியைப் போனில் பிடித்தாள்.

"உண்மையச் சொல்லுடி. உங்க நைனா உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"எனக்கும் ரிசல்ட் வரலன்னுதாம்மா சொன்னாரு."

"அவலூர்பேட்டை பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வரல, வரலன்னாங்க. கடைசியில பாத்தா நாலாவது ஸ்டேஜாம். ஊருக்கே தெரிஞ்சிருக்கு, பெரியம்மாவுக்கு மட்டும் தெரியல."

மறுமுனையில் கலைமதி அழ ஆரம்பித்தாள். அமிர்தவல்லிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை ஜெயராமன் மோட்டார் காயில் கட்டும் தன் கடைக்குக் கிளம்பியதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். திண்டிவனத்தில் இறங்கி பஸ் மாறி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் நெடுமாறன் அறைக்கு வெளியே மதியம் வரை காத்திருந்தாள்.

உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை.

"நாலாவதுதானே சார்? மறைக்காம சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நாலாவதா? யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் கேக்கறேன்."

"ரெண்டாவது ஸ்டேஜ்மா. வயித்துக்குள்ள வேற எங்கயும் பரவல. அலசின தண்ணியும் சுத்தமா இருக்கு. தையல் பிரிக்க வந்த அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். முதல்ல கீமோ கொடுத்து கட்டியைச் சுருக்குவோம், அப்புறம் ஆபரேஷன். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. வீட்ல சொல்லிட்டு வரேன்னு போனாரே?"

அமிர்தவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாங்களும் போன் பண்ணிக்கிட்டே இருக்கோம். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்றாரு. பயப்படறாரான்னு கேட்டா அதுவும் இல்லைங்கறாரு. இப்படியே விட்டா ஸ்டேஜ் ரெண்டுலயே நிக்காதும்மா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனாள். ஜெயராமன் ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இன்னா, கடைக்கே வந்துட்ட?"

"டாக்டரைப் பாத்துட்டு வரேன்."

அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலையில பாண்டிக்குப் போறோம். பெட் சொல்லிட்டு வந்துட்டேன். அதுல பேச்சே கெடையாது," என்றாள். "ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும். நல்ல சேதிதானே? காப்பாத்திடலாம்னுதானே சொன்னாரு? அத எதுக்கு என்கிட்ட மறைச்சீங்க? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

ஜெயராமன் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஸ்டேஜ் தெரிஞ்சுட்டா நீ கேக்கறத நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு, அமிர்தம். கலைமதி கல்யாணத்துல உன் தம்பியப் பந்தியிலேருந்து நான் எழுப்பிவிட்ட அன்னைக்கு என்கூடப் பேச்ச நிறுத்தினவ, ஒன்பது வருஷம் கழிச்சு, எனக்கு டியூப் விட்ட அன்னைக்குத்தானே 'டாக்டர் இன்னா சொன்னாரு'ன்னு என் மூஞ்சியப் பாத்து வாயத் தொறந்த?"