பாஸ்வேர்டு கேட்காத வாசல்

"இந்த மாசம் பேச மட்டும் ரீசார்ஜ் பண்ணுங்க, நெட் எனக்கு எதுக்கு?" என்று ஞானதுரையிடம் சொல்லியிருந்தாள் மனைவி லீதியாள். ஆனால் அவள் போனில் புதுப்புதுப் படங்களாக இறங்கிக் கிடந்தன. எவன் வீட்டு வைஃபை? அவள் குளிக்கப் போனதும் அந்தப் போனோடு குடியிருப்பின் படியேறினான். ஒருமுறை பாஸ்வேர்டு போட்ட வீட்டு வாசலில் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். கதவு கதவாக நின்று பார்த்தான், எங்கும் சேரவில்லை. மூன்றாம் மாடியில் பிரேமாவின் கதவை மட்டும் நிற்காமல் தாண்டப் பார்த்தான். அங்கே அவன் போய்வருவது லீதியாளுக்குத் தெரியாது. சட்டைப்பைக்குள் இருந்த அவனுடைய போன் வழக்கம்போல் அந்த வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, கையிலிருந்த லீதியாளின் போனில் செய்திகள் டிங் டிங்கென்று வந்து விழுந்தன.

"சத்தத்தைக் கேட்டாலே தெரியுதே, லீதியாக்கா! கதவு தெறந்துதான் இருக்கு, வாங்க" என்றது உள்ளிருந்து பிரேமாவின் குரல்.