பின்னாடி வரத் தெரியாதவன்

"ஒரு வண்டிக்குப் பின்னாடி ஒழுங்கா வரத் தெரியல. உனக்கு முன்வண்டி ஒரு கேடா?"

முதலாளி நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். மூன்று லாரிகள், மூன்றும் நீலம்.

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் நடு லாரியின் டிரைவர். பட்டப்பெயர் ஆமை. முன் லாரி ராக்கெட்டுடையது. ராக்கெட் எப்போதோ வந்து சேர்ந்து, கட்டிலை இறக்கிப் போட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தான். கட்டிலை மாட்டுகிற போல்ட்டுகள் மூன்றாவது லாரியில். அது இப்போதுதான் ஆமையின் பின்னால் வந்து நின்றது. வீட்டுக்கார அம்மா கட்டில் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்து, யாரிடமோ போனில் கம்பெனியின் புகழைப் பாடிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா லேட்டு?"

"வழி தப்பிட்டேன் முதலாளி."

மூன்றாவது லாரியை ஓட்டி வந்தவரை எல்லோரும் புதுசு என்றே கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர். வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டதால் போன வாரம்தான் இங்கே சேர்ந்தார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் தன் லாரியின் டயரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்ற நாளாக இருந்தால் ஆமை திட்டை உதறிவிட்டுப் போயிருப்பான். ஆனால் அடுத்த வாரம் ஒரு ஆஸ்பத்திரியையே இடம் மாற்றும் வேலை வருகிறது. வாடகை லாரிகளும் சேர்த்து நீளமான வரிசை. முன்வண்டியில் போகிறவன்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு. அதை எனக்குக் கொடுங்க என்று அன்று காலையில்தான் வாய்விட்டுக் கேட்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் கேட்டது அது ஒன்றுதான்.

"பின்னாடி வரத் தெரியாதவன் முன்னாடி எப்படிடா போவான்?" என்றார் முதலாளி. "நாளைக்குக் கடைசி வண்டியை நானே எடுக்கறேன். கண்ணாடியில பார்த்துக் கத்துக்கோ."

மறுநாள் மாற்ற வேண்டியது ஒரு பல் டாக்டரின் கிளினிக். முதலாளி லாரி ஓட்டி ஒரு மாமாங்கம் ஆகியிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். புதுசு ராக்கெட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ராக்கெட் வழக்கம்போலச் சிட்டாகப் பறந்தான். திரும்பிப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

பாலத்தின் மேல் முதலாளிக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்துப் பாலம் இறங்கினால், முன்னால் ஒரு நீல லாரி. விடாமல் பிடித்துக்கொண்டார். அது திரும்பினால் திரும்பினார், நின்றால் நின்றார். இதைவிட ஒழுங்காக யாரும் யார் பின்னாலும் போக முடியாது. லாரி ஒரு கேட்டுக்குள் நுழைந்தது. இவரும் நுழைந்தார்.

வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். "உங்களுக்கு எத்தனை மூட்டை?"

அது சிமெண்ட் கிடங்கு.

அசடு வழிய வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே ஆமையின் லாரி இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றது. தேடி அலையாமல் நேராக இங்கே எப்படி வந்தான் என்று முதலாளிக்கு அப்போது தோன்றவில்லை. ஆமை ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வாங்க என்று காட்டினான். அப்புறம் வழி நெடுக, பின்னால் வருகிறவர் சிக்னலில் மாட்டிக்கொள்ளாதபடி நிதானமாகவே போனான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வெகு முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டான்.

போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார். பல் பிடுங்குகிற நாற்காலி ராக்கெட்டின் வண்டியில் முன்னாடியே வந்துவிட்டது. அதன் அடிப்பாகம் முதலாளியின் வண்டியில். காலில்லாத நாற்காலி நடைபாதையில் கிடந்தது. அதில் கன்னம் வீங்கிய ஒருவர் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தார்.

"யாரால இவ்வளவு லேட்டு? எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றார் டாக்டர்.

முதலாளி தொண்டையைச் செருமினார். அதற்குள் ஆமை முன்னால் வந்துவிட்டான்.

"என்னாலதான் டாக்டர். வழி தப்பிட்டேன்."

ராக்கெட் சிரித்தான். "நீங்க சொன்னது சரிதான் முதலாளி. பின்னாடி வரத் தெரியாதவன் எல்லாம் முன்வண்டி கேக்கறான்."

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றும் ஆமை இதே 'வழி தப்பிட்டேன்'தான் சொன்னான், இதே குரலில். மெல்லத் திரும்பிப் புதுசைப் பார்த்தார். புதுசு டயரைப் பார்த்தார்.

"நேத்து பாலம் இறங்கினதும் ஒரு நீல லாரி வந்துச்சா?"

"வந்துச்சு முதலாளி."

"எத்தனை மூட்டைன்னு கேட்டானா?"

"கேட்டான் முதலாளி." புதுசின் குரல் உள்ளே போய்விட்டது. "வேலை போயிடும்னு பயந்துட்டேன். தம்பிதான் தன் மேல போட்டுக்கிச்சு."

முதலாளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டரிடம் போய், வழி தப்பியது இந்தப் பையன் இல்லை, நான்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு ஆமையின் தோளில் கை வைத்தார்.

"ஆஸ்பத்திரி வேலைக்கு முன்வண்டி உனக்கு."

ராக்கெட்டின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப நான், முதலாளி?"

"நீ கடைசி வண்டி. பக்கத்து சீட்டை எனக்குப் போட்டு வை. நம்ம ரெண்டு பேருக்கும்தான் இன்னும் பின்னாடி வரத் தெரியல."