கூண்டில் நின்ற தமிழன்

கூண்டில் ஏறி நிற்க ஒரு தமிழன் வேண்டும் என்றார் வக்கீல் அப்துல் கய்யூம்.

பூங்காவனத்துக்குத் தலை சுற்றியது. புருஷன் சேதுபதி திருட்டு வழக்கில் மாட்டியிருக்கிறான். நாளைக்கு விசாரணை. இந்த நேரத்தில் இது என்ன விளையாட்டு?

"விளையாட்டு இல்லம்மா. மாஜிஸ்திரேட்டுகிட்ட அனுமதி வாங்கிட்டேன். உங்க வீட்டுக்காரர் பின்பெஞ்சுல உட்காரட்டும். அவர் வயசுல இன்னொருத்தர் கூண்டுல நிக்கட்டும். துரைசானி யாரைக் கைகாட்டுதுன்னு பாப்போம்."

சேதுபதி துரை பங்களாவில் புல் வெட்டுகிறவன். அங்கே தங்கக் கடிகாரம் காணாமல் போனது. ஜன்னல் வழியாக ஒரு தமிழன் குதித்து ஓடியதைப் பார்த்தேன் என்றாள் துரைசானி. போலீஸ் சேதுபதியை மட்டும் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்த, இவன்தான் என்று சொல்லிவிட்டாள். ஆறு மாதத்தில் மெர்டேக்கா, சுதந்திரம் என்று மலாக்காவே துள்ளிக்கொண்டிருந்தது. சேதுபதிக்கு மட்டும் அதை ஜெயிலிலிருந்து பார்க்கும் யோகம் போலிருந்தது.

பூங்காவனம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவள் கையால் வருஷக்கணக்கில் சாப்பிட்ட பெரியப்பா மகனுக்கு அன்றைக்கென்று பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. சொந்தத் தம்பி, குருபோங்கில் அவசர வேலை என்றான். மற்றவர்கள் போலீசில் பேர் ஏறிவிடும் என்று கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் கோர்ட்டுக்கு வெறுங்கையோடு போனவளிடம், ஆள் கிடைத்துவிட்டார், விஷயம் கேள்விப்பட்டுக் காலையிலேயே அவராகவே வந்து நின்றார் என்றார் வக்கீல்.

கூண்டில் ஏறியவரைப் பார்த்ததும் பூங்காவனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேட்டியும் திருநீறுமாக நின்றவர் காஜா பேராங்கில் குடியிருக்கும் அப்பாசாமி. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்து, தமிழ் மறந்து, வீட்டிலும் மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பம்.

போன தீபாவளிக்குத்தான் தன் மகனுக்குப் பூங்காவனத்தின் மகள் கோகிலாவைப் பெண் கேட்டு வந்தார். "தமிழ் பேசத் தெரியாதவங்கள்லாம் என்ன தமிழருங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டு, வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பியிருந்தாள் இவள்.

துரைசானியை உள்ளே அழைத்து வந்தார்கள். நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார் வக்கீல். அவளோ பார்க்கக்கூட இல்லை, கூண்டை நோக்கி விரலை நீட்டிவிட்டாள். அவள் சொன்னதைக் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் உரக்கத் தமிழிலும் மலாயிலும் சொன்னார்.

"தமிழர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த முகத்தை மறக்கவே மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தமிழன்தான்."

வக்கீல் பின்பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்தார். சேதுபதி எழுந்து நின்றான்.

போலீஸ் பிடித்த சேதுபதி இவர்தான் என்றார் வக்கீல். துரைசானியின் முகம் சுண்டிப்போனது. மாஜிஸ்திரேட்டும் வெள்ளைக்காரர்தான், அதனாலேயே யாரும் அவரை நம்பியிருக்கவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தோலின் நிறம் சாட்சியாகாது, சேதுபதி விடுதலை என்றார்.

வாசலில் ஒரே கும்மாளம். இடுப்புப் பிடித்திருந்த பெரியப்பா மகன்தான் முதல் ஆளாக மாலையோடு நின்றான்.

பூங்காவனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். அப்பாசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயிலேயே கேட்டாள்.

"அன்னிக்கு உங்களை அப்படிப் பேசினேன். அப்புறமும் எதுக்குண்ணே வந்தீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்.

"நீங்க கேட்டதிலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, அக்கா. சரி, கோர்ட்டுலயே தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். பாத்தீங்கல்ல, நான் தமிழன்தான்னு வெள்ளைக்காரி சத்தியமே பண்ணிட்டா."