தரை உரசும் கதவு

கார் ஷெட்டின் மரக்கதவு மறுபடியும் தொங்கிப்போய்த் தரையை உரசியது. கீலை முடுக்கி நிமிர்த்திய கணவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“யாரோ வேணும்னே திருகாணியைத் தளர்த்துறாங்க.”

“நான்தான்,” என்றாள் மனைவி.

“உனக்கென்ன மூளை குழம்பிடுச்சா?”

அவள் அவனை உள்ளே இழுத்துப் போய், பக்கவாதம் வந்ததிலிருந்து மரக்கட்டையாய்க் கிடக்கும் அவன் அப்பாவின் கட்டிலருகே நிறுத்தினாள்.

“மாமாவையே பாருங்க.”

வெளியே போய்த் திருகாணியைத் தளர்த்திக் கதவை இழுத்தாள். கிறீச்சென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அப்பாவின் விரல்கள் அசைந்தன. மூடியிருந்த கண்கள் திறந்து, வேலை முடிந்து வரும் மகனைத் தேடி அறை வாசல் பக்கம் திரும்பின.

அவன் ஓசைப்படாமல் நடந்துபோய் அந்த வாசலில் நின்றான்.

“வந்துட்டேன்ப்பா.”