பெட்டிக்குச் சொன்ன பதில்

சாயங்கால வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது. விளக்குப் போட மறந்த கூடத்தில் டிவியின் வெளிச்சம் மட்டும்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. அதில் செய்தி வாசிப்பவன் எழுந்து நிற்கச் சொல்கிறான், ஊரே எழுந்து நிற்கிறது. தும்மச் சொல்கிறான், நீதிபதிகூடத் தும்முகிறார். டிவிக்கு எதிரே நாற்காலியில், ஓய்வுபெற்ற செய்தி வாசிப்பாளர் குலுங்கிச் சிரிக்கிறார். இருபத்தாறு வருஷம் அவரும் அப்படியொரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான். "நான் வாசிச்சப்ப நம்ம வீட்டுப் பூனைகூட காது கொடுத்ததில்ல" என்கிறார். சிரிப்பில் லேசாகப் புளிப்பு. பக்கத்தில் மனைவி துவைத்துக் காய்ந்த சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். திரையில் காட்சி மாறும்போதெல்லாம் அவள் மூக்குக்கண்ணாடி வெளுத்து இருள்கிறது. படத்தில் இருப்பவன் தாள்களைத் தட்டி அடுக்கி, "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்கிறான். "சரி, பாத்து வாங்க" என்கிறாள் அவள், தலை நிமிராமல். அவருடைய சிரிப்பு பாதியில் நிற்கிறது. "யார்கிட்ட சொன்னே?" அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "பழக்க தோஷம். தினமும் நீங்க செய்தி முடிச்சதும் சொல்லுவேன்." "எனக்குத் தெரியவே தெரியாதே!" "நீங்கதான் பெட்டிக்குள்ள இருந்தீங்களே. அந்த ராத்திரி நேரத்துல வண்டி ஓட்டிட்டு வரணும், வேற எப்படிச் சொல்றது?" சட்டைக் கையை மடித்து, சுருக்கம் போக நீவுகிறாள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறார். பனியனை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இரண்டு காலி டீ தம்ளர்களையும் தட்டி அடுக்கி, அந்தப் பழைய கனத்த குரலில், "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்று அறிவித்துவிட்டு அடுக்களைக்குப் புறப்படுகிறார். நிலைப்படியில் கால் நின்றுவிடுகிறது. பதில் வந்த பிறகுதான் உள்ளே போகிறார்.