பழைய பருந்து, புதிய பருந்து

"நீங்க அன்னிக்குக் குதிச்ச அதே உயரம்தான் சார். ஒரு அடிகூடக் குறைக்கல," என்றார் இயக்குநர் பெருமையாக.

பருந்து சார் மொட்டைமாடி விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பின்வாங்கி, "வயசாயிடுச்சில்ல, தலை சுத்துது," என்று சிரித்தார்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். முகமூடி வீரன் பருந்தின் கதை முதன்முதலில் படமானபோது, கயிறும் வலையும் இல்லாமல் மாடியிலிருந்து பாய்ந்த டூப் அவர். இப்போது அதே கதையைப் புதிதாக எடுக்கிறார்கள். ஆலோசனை சொல்ல அவரை வரவழைத்து, குடை விரித்து நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. நரைத்த கொண்டையும், மடியில் இறுகக் கோத்த கைகளுமாக உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இரண்டு திரைகள். இடது பக்கம் பழைய பருந்து, வலது பக்கம் நேற்று எடுத்துப் பார்த்த புதிய பருந்து.

பழையதில் சாயம் போன நிறம், திரைச்சீலைத் துணியில் தைத்த சிறகு. பாய்வதற்கு முன் பருந்து இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய் எதையோ முகமூடிக்குள் அழுத்தித் தள்ளும். அந்த ஸ்டைலுக்கே தியேட்டரில் விசில் பறக்குமாம். பிறகு கைகளை விரித்து, நெஞ்சு மண்ணைப் பார்க்க, நேராக நம் மேலேயே வந்து விழுவதுபோல் வரும். தரையைத் தொடுமுன் காட்சி முடிந்துவிடும்.

புதியதில் எல்லாம் பளபளப்பு. பிடரி ஸ்டைலைக்கூட அச்சு மாறாமல் செய்திருந்தார்கள். ஆனால் பாதி வழியிலேயே டூப் மல்லாந்து திரும்பிவிட, வீசி எறிந்த மூட்டை மாதிரி இருந்தது.

"எல்லாம் இருக்கு, உயிர்தான் இல்ல," என்று தலையில் கை வைத்துக்கொண்டார் இயக்குநர். "ஜனங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பார்த்து நம்மளக் கிழிச்சிருவாங்க. இந்தத் தடவை கேமரா தரை வரைக்கும் கூடவே வரும். எங்கயும் திரும்பக் கூடாது."

புதிய பருந்தின் டூப்பை எல்லோரும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பருந்து சாரிடம் வந்தான்.

"சார், முதுகாலதான் மெத்தையில விழணும். நெஞ்சால விழுந்தா முதுகெலும்பு போயிடும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க எப்பத் திரும்புனீங்க?"

"நான் திரும்பவே இல்லையே!" பருந்து சார் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். "திரும்பினா அது பருந்தா? பயந்தாங்கொள்ளிக் காக்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்பிரிங் சிரிக்கவில்லை.

"ஏங்க, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் மனைவி தாழ்ந்த குரலில்.

"நீ சும்மா இரு. குதிச்சவனுக்குத் தெரியாதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழகிப்போன வேலை.

இயக்குநர் ஸ்பிரிங்கின் தோளில் தட்டினார். "நெஞ்சால விழுந்தவரு குத்துக்கல்லாட்டம் நம்ம முன்னால உட்கார்ந்திருக்காரு. இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்?"

ஸ்பிரிங் தன் போனை உதவி இயக்குநரிடம் கொடுத்தான். எப்போதும் அணைத்துவிட்டுக் கொடுப்பவன் இன்று அணைக்கவில்லை. "வீட்ல இருந்து வந்தா எடுத்துப் பேசுங்க," என்றான்.

கீழே மெத்தைக்குக் காற்றடிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர், யாரும் சொல்லாமலே பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்து வைத்தார். மேலிருந்து அதைப் பார்த்தவள் பருந்து சாரின் மனைவி ஒருத்திதான்.

ஸ்பிரிங் முகமூடியை மாட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரின் மேல் ஏறினான். சிறகு காற்றில் படபடவென்று அடித்தது.

"கேமரா!"

கைகள் பிடரிக்குப் போயின. அடுத்து விரிந்தன.

நாற்காலி கவிழ்ந்த சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய்ச் சிறகை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். ஸ்பிரிங் மாடியின் உள்பக்கமாக, அவள் மேலேயே வந்து விழுந்தான்.

"திரும்பணும் தம்பி! அன்னிக்கும் கேமராவைத் தாண்டின உடனே திரும்பினதுதான். அது படத்துல வரல. இவர் சொல்ற மாதிரி விழுந்தா செத்துருவே!"

"ஏய்! உனக்கென்னடி தெரியும்?" பருந்து சாரின் குரல் கிறீச்சிட்டது. எழுந்து வர முயன்றார். சுவருக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டார்.

இயக்குநருக்கு எரிச்சல் தாங்கவில்லை. "என்னம்மா இது, ஷாட் நேரத்துல! குதிச்ச மனுஷனே திரும்பலங்கிறாரு. நடுவுல நீங்க யாரு?"

அவள் சிறகை விடவில்லை. கீழே உட்கார்ந்தபடியே கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அவர் அன்னிக்குப் படி வழியா இறங்கிப் போயிட்டாரு," என்றாள். "குதிச்சது நான்."