மூக்கால் பேசிய டாக்டரம்மா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே தர மாட்டேன். முதலில் என் அப்பா ஏமாந்ததைக் கேளுங்கள்.

அப்பா பேக்கரியில் மாஸ்டர். வேலை முடிந்து வரும்போது பை நிறைய க்ரீம் பன் கொண்டுவருவார். அதில் பாதி எனக்கு. மீதியில் பாதியும் எனக்கு.

வீட்டில் என்னைக் 'கிளி' என்பார்கள். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். பள்ளி நாடகத்தில் ராணி வேஷம் எனக்குத்தான் வந்தது. நான்தான், "திரைக்குப் பின்னால இருந்து குரல் மட்டும் குடுக்கறேன் மிஸ். முகத்துக்கு வேற யாரையாவது நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கும் அது தெரியும்.

காரணம், பருக்கள். என் முகத்தில் அவை மாநாடு போட்டிருந்தன. அதை வைத்து நான் ஜோக் அடிக்கலாம். வேறு யாரும் அடிக்கக் கூடாது.

"அந்தப் பன்னைக் கொஞ்சம் குறைச்சுப் பாரேன்டி, முகம்..." என்று அம்மா ஒரு தடவை ஆரம்பித்தாள்.

படார். என் அறைக் கதவு.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். சிரிப்பு எங்கும் ஓடிவிடாது.

ஒருநாள் சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே அப்பா முழங்கையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அனல்ல நின்னு நின்னு தோல் வறண்டு போச்சு. ஒரு டாக்டரம்மாவைப் பாத்தேன். எதைத் தின்னணும், எதை விடணும்னு கடைக்கே போன் பண்ணிச் சொல்றாங்களாம். மூக்காலதான் பேசுவாங்க. பேச்சுக்குப் பேச்சு 'புரியுதா?'ம்பாங்க."

பேசியும் காட்டினார்! என் நாக்கு துறுதுறுத்தது.

மறுநாள் அம்மாவின் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். வெளியே கேட்கக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டேன். குழாய் சொட்டினாலே தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற அப்பா, இப்போது கடையில்தானே இருக்கிறார்! கடை போன் பழையது. யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது.

"டாக்டர் பேசறேன். புரியுதா?"

"சொல்லுங்க டாக்டர்!" அப்பா குழைந்தார்.

கண்மேல் வெள்ளரித் துண்டை வைத்துக்கொண்டு சாப்பிடச் சொன்னேன். அதோடு போனை வைப்பதுதான் என் திட்டம். அவர் விடவில்லை.

"டாக்டர், க்ரீம் பன் சாப்பிடலாமா?"

டாக்டர் என்றால் வேண்டாம் என்றுதானே சொல்ல வேண்டும்? "கூடவே கூடாது!"

"மைதா? சர்க்கரை கொட்டின பாலு?"

"மூச்!"

"அப்ப பயறு, காய், பழம் இப்படிப் போகலாமா டாக்டர்?"

"அதேதான். புரியுதா?"

"நான் மட்டும் தின்னா தொண்டையில இறங்காது. வீட்ல எல்லாருமா..."

"எல்லாருமாத்தான்! ஒருத்தரையும் விடாதீங்க!"

போனை வைத்த பிறகுதான் லேசாகக் குழம்பினேன். ஏமாற்றியது நான். பன் போனதும் எனக்கா?

அன்று அப்பா வெறுங்கையோடு வந்தார். தட்டில் கேரட்.

"இப்படியே போட்டா எனக்குக் காது நீளமா வளந்துடும்மா" என்றான் அண்ணன்.

"டாக்டர் சொல்லியாச்சு. வாயை மூடிட்டுத் தின்னு."

"வாயை மூடினா எப்படித் தின்றது?"

அப்பா வெள்ளரித் துண்டுகளைக் கண்மேல் ஒட்டிக்கொண்டு, தட்டைத் தடவித் தடவிச் சாப்பிட்டார். இங்கேதான் நான் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவும் அண்ணனும் சிரிக்கவே இல்லையே. ஏன்?

டாக்டர் வாராவாரம் போன் செய்தார். ஒற்றைக் காலில் நின்று பயறு மெல்லச் சொன்னார். அப்பா நின்றார். கடையில் க்ரீமை ருசிகூடப் பார்க்கக் கூடாது என்றார். "ருசி பாக்காம மாஸ்டரா எப்படி டாக்டர்?" என்று அப்பா ஒரு தடவை முனகினார். அப்புறம் அதையும் விட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. மாவைத் தொட்டே உப்பு கூடிப்போனதைச் சொல்கிற மனுஷன், இவ்வளவு அப்பாவியா?

இதற்கிடையில் என் முகத்து மாநாட்டில் கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்தது. முழுசாக இல்லை. பேச்சாளர்கள் சிலர் மேடையை விட்டு இறங்கவில்லை. நாடக மிஸ் வழிமறித்தார்: "ராணி இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நாளைக்குள்ள சொல்லு." தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி குளியலறை. தாழ். குழாய்.

"டாக்டர் பேசறேன். புரியுதா?"

"டாக்டர், நானே கேக்கணும்னு இருந்தேன். முகம் பளிச்சுனு ஆனாத்தான் மேடை ஏறணுமா? இப்படியே ஏறக் கூடாதா?"

"நீங்க... எந்த மேடையில..."

"நான் இல்ல டாக்டர். எங்க வீட்ல ஒரு கிளி இருக்கு. முகத்தைப் பத்தி நாங்க வாயைத் திறந்தா கதவைச் சாத்திக்கும். யார் சொன்னாலும் கேக்காது. நீங்க சொன்னா மட்டும்தான் கேக்குது."

மூக்குக் குரலைத் தேடினேன். காணோம். வேறு எந்தக் குரலும் கைவசம் இல்லை.

"ஏ... ஏறலாம்ப்பா" என்றேன். அது என் சொந்தக் குரல்.

குளியலறைக்கு வெளியே 'க்ளுக்'கென்று ஒரு சத்தம். அண்ணன்! அவன் வாயை அம்மா பொத்துவதும், அதையும் மீறிச் சிரிப்பு பீறிட்டு வருவதும் கேட்டது. சிரிப்பு இருக்கிறது என்று சொன்னேன், இல்லையா? அது என்னுடையது என்று சொல்லவில்லையே.

போனில் அப்பா பவ்யம் குறையாமல் சொன்னார்:

"ரொம்ப சந்தோஷம் டாக்டரம்மா. அப்படியே அந்தக் குழாயை மூடிடுங்க. மொத நாள்லேர்ந்து தண்ணி வீணாப் போகுது."